ஆங்கிலம் கற்பிக்க எந்த நாட்டுக்குப் போகலாம்?

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., பள்ளியில் எட்டு ஆண்டு அனுபவம். இத்தனையும் உள்ள ஒரு தமிழ்நாட்டு ஆசிரியர், தென் கொரியாவில் தனியார் மொழிப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பித்தால் விசா கிடைக்காது. அதே வேலைக்கு, கனடாவில் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு நாள்கூட வகுப்பெடுத்திராத இளைஞர் விண்ணப்பித்தால் கிடைக்கும். அந்த நாட்டில் மொழிப் பயிற்றுநருக்குத் தரப்படும் ஈ-2 என்ற விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை அந்த ஏழு. பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் போதும்.

அந்த இருவரும் துபாயிலுள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்தால் முடிவு தலைகீழாகும். அங்கே ஆங்கில ஆசிரியருக்குப் பாடப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். விலங்கியல் இளைஞரின் பாஸ்போர்ட்டால் அந்தக் குறை தீராது.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த நாடு நல்லது?” என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த வகை வேலை என்பது முதல் கேள்வி. அந்த வேலைக்கு என் காகிதங்களில் எவை செல்லும் என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் விடை தெரிந்தால், நாடுகளின் பட்டியல் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும்.

வேலையின் வகையிலிருந்து தொடங்குவோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ‘ஆங்கில ஆசிரியர்’ வேலைதான். உள்ளே மூன்று தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன.

முதலாவது, பாடத்திட்டப் பள்ளிகள். சி.பி.எஸ்.இ., பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. எனப்படும் சர்வதேசப் பாடத்திட்டம் என்று ஏதோ ஒரு வாரியத்தின் கீழ் முழுநேரமாக இயங்குபவை. இங்கே ஆங்கிலம் மற்றப் பாடங்களைப் போல ஒரு பாடம். அதைக் கற்பிப்பவர் வகுப்பாசிரியராகவும் இருப்பார், மதிப்பெண் போடுவார், பெற்றோரைச் சந்திப்பார். இவர்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பட்டம் தேவை. பல நாடுகளில் அதற்கு மேல் உரிமமும் தேவை. உரிமம் என்பது, ‘இவர் இந்த நாட்டில் வகுப்பெடுக்கலாம்’ என்று அந்நாட்டுக் கல்வி அமைப்பு தரும் அனுமதி.

இரண்டாவது, மொழிப் பயிற்சி நிலையங்கள். மாலையிலும் வார இறுதியிலும் நடப்பவை. மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளாகவும் இருப்பார்கள், அலுவலக ஊழியர்களாகவும் இருப்பார்கள். பேசக் கற்றுக்கொடுப்பதுதான் இங்கே சரக்கு. அதனால் பி.எட்.டுக்குப் பெரிய மதிப்பில்லை. குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழைக் கேட்பார்கள். விளம்பரத்தில் எந்த முகத்தைப் போட்டால் கட்டணம் வரும் என்ற கணக்கும் உண்டு. அதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை.

மூன்றாவது, அரசுத் திட்டங்களின் துணை ஆசிரியர் வேலை. ஜப்பானில் 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டமும் தென் கொரியாவின் எபிக் திட்டமும் இந்த வகை. உள்ளூர் ஆசிரியர் பாடம் நடத்துவார். வெளிநாட்டவர் பக்கத்தில் நின்று உச்சரிப்புக்கும் உரையாடலுக்கும் உதவுவார். மொழி கற்பிப்பதோடு நாடுகளுக்கிடையே உறவு வளர்ப்பதும் இவற்றின் நோக்கம். அதனால் எந்த நாட்டவருக்கு எத்தனை இடம் என்பதை அரசுகளே முடிவு செய்கின்றன. கற்பிக்கும் திறமை அதற்குப் பிறகுதான் கணக்கில் வருகிறது.

பாஸ்போர்ட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஆங்கிலம் பேசும் உலகத்தை மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985-இல் மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். ஸ்ரீநகரில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிரிட்டன், அமெரிக்கா போன்றவை உள்வட்டம். ஆட்சியாலும் கல்வியாலும் ஆங்கிலம் வேரூன்றிய இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்றவை வெளிவட்டம். அயல்மொழியாகக் கற்றுக்கொள்ளும் சீனா, ஜப்பான், கொரியா போன்றவை விரியும் வட்டம். ஆசிரியர்களை அதிகமாகத் தேடுவது விரியும் வட்டம். அவர்களை எங்கிருந்து எடுப்பது என்று சட்டம் எழுதும்போது அந்த நாடுகள் பெரும்பாலும் உள்வட்டத்தையே பார்க்கின்றன. நாம் இருப்பது நடுவில்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1961-இல் உகாண்டாவின் மகெரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஒரு மாநாடு நடந்தது. தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணம் அந்த மாநாட்டின் அடிப்படைகளில் ஒன்றாக இருந்ததை ராபர்ட் பிலிப்சன் 1992-இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். அது தவறான நம்பிக்கை என்றும் வாதிட்டார். ஒரு மொழியைப் படித்துத் தேர்ந்தவருக்கு அது எங்கே கடினம் என்பது தெரியும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆய்வாளர்களில் பலர் இன்று அவர் பக்கம். குடியேற்றச் சட்டங்கள் அந்த அளவுக்கு நகரவில்லை. விண்ணப்பிப்பவர் சட்டத்தோடுதான் மோத வேண்டியிருக்கிறது.

கொரியாவிலும் கதவு முழுக்க அடைபட்டதில்லை. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், தகுதி பெற்ற இந்தியர் அரசுப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தனியார் நிலையங்களுக்கு அது பொருந்தாது. ஜப்பானின் விதி வேறு மாதிரி. அங்கே பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவில், கற்பிக்கும் மொழியின் வழியாக 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆங்கில வழியில் முதல் வகுப்பிலிருந்து படித்தவர் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி இதைக் காட்ட முயலலாம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவருக்கு இது பெரிய தடை. சீனாவின் வேலை அனுமதி விதிகளும் மொழி ஆசிரியர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. அங்கே இந்தியருக்கு இடம் இருந்தால், அது சர்வதேசப் பள்ளிகளில் வேறு பாட ஆசிரியராக.

இனி நம் காகிதங்களுக்கு வருவோம். பி.எட். என்பது பள்ளி ஆசிரியருக்கான தொழிற்கல்வி. 2015 முதல் அது இரண்டாண்டுப் படிப்பு. செல்டா என்பது இன்னொரு வகை. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் முறையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு வழங்கும் சான்றிதழ் அது. அதன் வேர் 1962-இல் ஜான் ஹேகிராப்ட் லண்டனில் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியில் இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் நான்கு அல்லது ஐந்து வாரம். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதற்குள் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் வகுப்பெடுத்து மதிப்பீடு பெற வேண்டும். டிரினிட்டி நிறுவனத்தின் சான்றிதழும் ஏறத்தாழ இதே தரத்தில் மதிக்கப்படுகிறது. வகுப்பறைப் பயிற்சி இல்லாமல் இணையத்திலேயே முடித்துவிடும் மலிவான ‘120 மணி நேர’ச் சான்றிதழ்கள் ஏராளம். மணிக்கணக்கு ஒன்றாக இருப்பதால் இவற்றையும் செல்டாவையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

செல்டா எதைச் சொல்லித் தருகிறது என்பதை ஒரு வகுப்பில் பார்க்கலாம். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்ற வாக்கியத்தைக் கற்பிக்க வேண்டும். நம் வகுப்புகளில் வழக்கமாக என்ன செய்வோம்? காலத்தின் பெயரைப் பலகையில் எழுதி, வினைச்சொல்லின் மூன்று வடிவங்களைச் சொல்லி, தமிழில் பொருள் தந்து, பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்வோம். செல்டா பயிற்சியில் ஆசிரியர் காலத்தின் பெயரை முதலில் உச்சரிக்கவே மாட்டார். பூட்டிய கதவின் முன் ஒருவர் சட்டைப் பையைத் தடவும் படத்தைக் காட்டுவார். பிறகு சின்னச் சின்னக் கேள்விகள். சாவி இப்போது அவரிடம் இருக்கிறதா? இல்லை. எப்போது தொலைந்தது என்று வாக்கியம் சொல்கிறதா? இல்லை. அப்படியானால் இங்கே முக்கியம் அன்றைக்கு நடந்ததா, இப்போதைய நிலையா? மாணவர் விடை சொன்ன பிறகுதான் வாக்கிய அமைப்பு பலகைக்கு வரும். எல்லோருக்கும் பொதுவான தாய்மொழி இல்லாத வகுப்பில் வேறு வழியும் இல்லை. தாய்லாந்துப் பிள்ளைக்குத் தமிழில் பொருள் சொல்ல முடியாதே.

இலக்கியம் படித்து வந்த நம் ஆசிரியர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி புதிது. பயனுள்ளது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கட்டணம் லட்ச ரூபாயைத் தாண்டும். வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளி அதைக் கேட்பதில்லை. வியட்நாமின் மொழி நிலையம் கேட்கும். எந்தச் சந்தைக்குப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது முன்பின் மாறிய வேலை.

இப்போது நாடுகள். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் பழகிய பாதை வளைகுடா. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைன், சவுதி அரேபியா ஆகிய எல்லா நாடுகளிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உள்ளன. அங்கே வேலை செய்யும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை அவை. நமக்குத் தெரிந்த பாடநூல், நமக்குத் தெரிந்த தேர்வு, ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டு. அதனால் நம் அனுபவம் அங்கே அப்படியே செல்லுபடியாகிறது. அதே ஊரில் உள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் சம்பளம் இரு மடங்காக இருப்பது சாதாரணம். அங்கே சேர பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைக் கற்பித்த அனுபவம் கேட்பார்கள். இந்தியாவிலேயே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்தவருக்கு அந்தக் கதவு சற்றுத் திறக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் மேற்பார்வை அமைப்பு தனி. துபாயின் தனியார் பள்ளிகளை கே.எச்.டி.ஏ. கவனிக்கிறது, அபுதாபியில் அடெக். பள்ளி தேர்ந்தெடுத்தாலும் இந்த அமைப்பின் ஒப்புதல் வர வேண்டும். இங்கேதான் காகிதச் சிக்கல் வருகிறது. அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அமீரகம் போன்ற இடங்களில் தொலைதூரக் கல்விப் பட்டத்துக்கு இணைத்தகுதி, அதாவது அந்நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்பு, கிடைப்பது கடினம். நேர்முகக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் ஒரு முறை விசித்திரமான தொல்லை வந்தது. நம் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் அகமதிப்பீடு ஒரு பத்தியிலும், ‘எக்ஸ்டர்னல்’ என்று பல்கலைக்கழகத் தேர்வு இன்னொரு பத்தியிலும் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இவர் கல்லூரிக்கே போகாமல் வெளியிலிருந்து தேர்வெழுதியவர் என்று அமீரகத்தில் பொருள் கொள்ளப்பட்டது. 2018-இல் இதனால் இந்திய ஆசிரியர்கள் பலருக்கு இணைத்தகுதி மறுக்கப்பட்டு, இந்தியத் தூதரகம் தலையிட்டுப் பேச வேண்டியதாயிற்று. புறப்படுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் ‘நேர்முக வகுப்பில் படித்தார்’ என்ற கடிதம் வாங்கி வைப்பது நல்லது. ஊரில் இருக்கும்போது ஒரு வாரத்தில் கிடைப்பது, அங்கே போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

மாலத்தீவு இன்னொரு பழைய பாதை. திவேஹி மொழி, இஸ்லாம் ஆகிய பாடங்கள் தவிர மற்றவை அங்கே ஆங்கில வழியில்தான். பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் போகிறார்கள். கேரளமும் தமிழ்நாடும் முன்னணியில். இந்தியத் தகுதிகள் அங்கே பழக்கமானவை என்பதால் முதல் வெளிநாட்டு வேலையாகப் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தத் தீவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைநகர் மாலே நெருக்கடியான நகரம். வாடகை மலைக்க வைக்கும். தொலைதூரத் தீவு என்றால் சில நூறு பேர் வாழும் இடமாக இருக்கலாம். ஒரே பள்ளி, ஓரிரு கடைகள், காய்கறி வந்து சேரும் படகுக்காகக் காத்திருப்பு. தனியே இருக்கத் தெரிந்தவருக்குச் சேமிப்பு நிற்கும். பணம் அனுப்புவதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சம்பளம் ரூஃபியாவில் வந்தால் ஊருக்கு அனுப்ப டாலராக மாற்ற வேண்டும். டாலர் தட்டுப்பாடு வரும் காலங்களில் வங்கிகள் மாதம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துவிடும். சம்பளம் கணக்கில் இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சேராது.

தாய்லாந்தும் வியட்நாமும் தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவருக்கும் இடம் தருகின்றன. தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் மிகுதி, இந்தியரும் உண்டு. ‘நான்-பி’ என்ற வேலைக்கான விசா, வேலை அனுமதி, குருசபா என்ற ஆசிரியர் மன்றத்தின் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு என மூன்று அடுக்குகள். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவரிடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 போன்ற ஒரு மதிப்பெண்ணைப் பொதுவாகக் கேட்கிறார்கள். வியட்நாமில் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று ஆகியவை வேண்டும். இந்த இரண்டு நாடுகளிலும் ஒரே பள்ளியில் ஒரே வேலைக்கு பாஸ்போர்ட்டைப் பார்த்து இரண்டு விதச் சம்பளம் தருவது வழக்கத்தில் இருக்கிறது. சேருவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது பின்னால் மனம் கசப்பதைத் தவிர்க்கும்.

இங்கிலாந்தின் கணக்கு வேறு. அங்கே அரசுப் பள்ளிகளில் நிலையாகக் கற்பிக்க க்யூ.டி.எஸ். எனப்படும் தகுதிநிலை வழக்கமாகத் தேவை. 2023 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட சில நாட்டு ஆசிரியர்கள் நேரடியாக இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று கதவு திறந்தது. செய்தியைக் கேட்டு நம் ஆங்கில ஆசிரியர்கள் பலர் மகிழ்ந்தார்கள். நிபந்தனையைப் படித்தால் அந்த வழி கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்கானது. மொழிகள் என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவை. ஆங்கிலம் அதில் அடங்கவில்லை. இயற்பியல் ஆசிரியருக்குக் கிடைத்த வழி ஆங்கில ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியா கடினமானது, ஆனால் விதிகள் வெளிப்படையானவை. அங்கே ஆசிரியர் தகுதியை எய்ட்சில் என்ற அமைப்பு மதிப்பிடுகிறது. நான்கு ஆண்டு உயர்கல்வி, அதில் ஓராண்டாவது ஆசிரியப் பயிற்சி, 45 நாள் மேற்பார்வையுடன் கூடிய கற்பித்தல் பயிற்சி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். மூன்றாண்டு பி.ஏ.வும் இரண்டாண்டு பி.எட்.டும் இதைத் தாராளமாக நிறைவு செய்யும். பழைய ஓராண்டு பி.எட். முடித்தவர்கள் தம் கற்பித்தல் பயிற்சி எத்தனை நாள் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிப் பார்க்க வேண்டும். 45-க்கு ஓரிரு நாள் குறைந்தாலும் சிக்கல். அடுத்தது மொழித் தேர்வு. ஐ.ஈ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் படிப்பதிலும் எழுதுவதிலும் தலா 7, பேசுவதிலும் கேட்பதிலும் தலா 8. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. நமக்கு இல்லை. ஷேக்ஸ்பியரை இருபது ஆண்டு நடத்தியவரும் இந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். கொரியா ‘நீ எந்த நாட்டவர்’ என்று கேட்கிறது. ஆஸ்திரேலியாவும் எங்கே படித்தாய் என்று பார்க்கிறது. ஆனால் தேர்வு எழுதிக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறது. கொரியாவின் கேள்விக்கு உழைத்து விடை மாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவின் தடையை உழைத்துத் தாண்ட முடியும்.

நாடு முடிவானதும் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் சம்பளப் பக்கம். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது பொதுவான பழக்கம். அமீரகத்தில் இரண்டு பள்ளிகள் தலா 5,000 திர்ஹம் தருவதாகச் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 4,000, படிகள் 1,000. இரண்டாவது பள்ளியில் அடிப்படை 2,500, படிகள் 2,500. மாதக் கடைசியில் கைக்கு வருவது ஒன்றே. வேலையை விடும்போது வேறுபாடு தெரியும். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் ஊதியம் பணிக்கொடை. அந்த 21 நாள் ஊதியம் அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும். மூன்று ஆண்டு கழித்து விலகினால் 63 நாள் ஊதியம். முதல் பள்ளியில் அது 8,400 திர்ஹம். இரண்டாவதில் 5,250. ஒப்பந்தத்தில் இரண்டே வரி மாறியதற்கு 3,150 திர்ஹம் விலை.

இதே பக்கத்தில் கேட்க வேண்டியவை இன்னும் சில. தங்குமிடம் பள்ளி தருகிறதா, பணமாகத் தருகிறதா? தருவதானால் தனி அறையா, பகிர்வா? கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? பத்து மாதம் மட்டுமே தரும் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டும் விளம்பரங்கள் இருக்கின்றன. விமானக் கட்டணம் ஆண்டுதோறுமா, இரண்டாண்டுக்கு ஒரு முறையா? சொந்தப் பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் கட்டணச் சலுகை எவ்வளவு? குடும்பத்தோடு போகிறவருக்கு இந்தக் கடைசிக் கேள்வியே முதல் கேள்வி. வளைகுடாவில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. பள்ளிக் கட்டணமும் வாடகையும் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதும் உண்மை.

சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும். மாநில அரசின் துறை, பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு போகும் நாட்டின் தூதரகம் என்று மூன்று முத்திரைகள் அசல் பட்டத்தின் பின்புறம் விழும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, மாநிலத் துறையின் சான்றுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற முத்திரை போதும், தூதரகம் தேவையில்லை. இந்தியா 2005 முதல் அதில் உறுப்பு நாடு. சவுதி அரேபியாவில் அது 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் கிடைக்கும். அதைக் கடைசியில் வாங்குவது நல்லது. பல நாடுகள் சில மாதங்களுக்குள் வாங்கியதையே ஏற்கின்றன.

ஏஜென்ட் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை இமைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவர் விண்ணப்பதாரரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். இரண்டு லட்சம் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்துவரலாம். “சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும், அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஒரு கருத்து சொல்ல இடமிருக்கிறது. பி.எட். முடித்து, பள்ளி அனுபவம் உள்ளவருக்குப் பொதுவாக முதல் சந்தையே பொருத்தம். அங்கேதான் அவர் சம்பாதித்த தகுதிக்கு மதிப்பு இருக்கிறது. மொழி நிலையங்களின் சந்தையில் அவர் தம் பலத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, பாஸ்போர்ட் என்ற பலவீனத்தோடு போட்டியிட வேண்டும். இருபதுகளில் இருக்கும், பொறுப்புகள் குறைந்த ஒருவர் தாய்லாந்தையோ வியட்நாமையோ தேர்ந்தெடுத்தால் அதில் தவறில்லை. மொழி கற்பிக்கும் முறையில் அவருக்குக் கிடைக்கும் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் இருப்பவருக்கு வளைகுடாவின் பாடத்திட்டப் பள்ளி, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், பெரும்பாலும் மேல். ஆஸ்திரேலியாவைக் குறிவைப்பவர் வேலையை விட வேண்டியதில்லை. இங்கேயே பணியில் இருந்துகொண்டு மொழித் தேர்வை எழுதலாம். அதன் முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், கல்லூரிக் கடிதங்களும் பட்டங்களும் கையில் வந்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும்.